தினம் பத்துச் சொல் வைத்தியம்

ஆங்கிலம் பேச வரவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் உடனே வைத்தியராகிவிடுவார். “தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணுங்க. வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது ஆச்சு. அப்புறம் என்ன?” பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் கயிற்றில் தொங்கும் ‘முப்பதே நாளில்’ புத்தகங்கள் சொல்வதும் இதுதான். ஒரு காலத்தில் கபில்தேவ் படத்தோடு விளம்பரமான ரேபிடெக்ஸ் சொன்னதும், இன்று கைபேசியில் ‘தினசரி பேசும் 100 வாக்கியங்கள்’ என்று ஓடும் ரீல்கள் சொல்வதும் இதுதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கேள்வித்தாள்கூட ஒரு மதிப்பெண் கேள்விகளில் இணைச்சொல் என்ன, எதிர்ச்சொல் என்ன என்று கேட்டு இதையே வழிமொழிகிறது. நமக்குக் குறை சொற்களில்தான், சொல்லை நிரப்பினால் பேச்சு தானாக வரும் என்பது இன்று கட்சி வேறுபாடில்லாத நம்பிக்கை.

இந்த நம்பிக்கை தவறு. ஆங்கிலம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களின் காசையும் நேரத்தையும் தின்றுவிட்டு, கடைசியில் பழியையும் அவர்கள் தலையிலேயே போடுகிற தவறு.

முதலில் சொற்பஞ்சம் என்ற குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாத ஒரு பாட்டி அரசு மருத்துவமனைக்குப் போய்வந்து பேசுவதைக் கேளுங்கள். பிரஷர், சுகர், டெஸ்ட், ரிப்போர்ட், ஸ்கேன், வார்டு, டிஸ்சார்ஜ், டோக்கன், நர்ஸ், ஆபரேஷன், நார்மல். அங்கிருந்து வங்கிக்குப் போனால் அக்கவுண்ட், பேலன்ஸ், லோன், டியூ, பாஸ்புக், ஓடிபி. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பையனிடம் கிளட்ச், கேபிள், பேரிங், டைமிங், ஓவர்ஹீட், ஸ்பேர், டைட், லூஸ். தையற்கடையில் கட்டிங், லைனிங், ஓவர்லாக், நெக், ஸ்லீவ். சினிமாவும் கிரிக்கெட்டும் அரசியலும் கொண்டுவந்து கொட்டியவை தனி. எழுத உட்கார்ந்தால் ஒரு கட்டு நோட்டு போதாது. எந்த முப்பது நாள் புத்தகத்தின் பின்னிணைப்பையும் தோற்கடிக்கும் அளவுக்குச் சொல் நம்மிடம் இருக்கிறது. இத்தனை சொல் இருந்தும் வாய் திறக்கவில்லை என்றால், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்று வைத்தியருக்குத் தோன்ற வேண்டாமா?

எங்கே என்று பார்க்க, இந்தச் சொற்கள் தமிழுக்குள் எப்படி வந்தன என்பதைக் கவனித்தால் போதும். வெயிட் பண்ணு, டிரை பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, கேன்சல் ஆயிடுச்சு, கன்ஃபார்ம் ஆகலை. ஆங்கில வினையை ஒரு கட்டையாக எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் ‘பண்ணு’வையோ ‘ஆகு’வையோ நிறுத்தி, காலம், இடம், ஆள், மறுப்பு, வேண்டுகோள் எல்லா வேலையையும் நம் வினையிடமே கொடுத்துவிடுகிறோம். தமிழுக்கு இது அபாரமான சௌகரியம். மொழிக் கலப்பு என்று மூக்கைச் சிந்த இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் உறவுகள் எல்லையிலேயே இறங்கிவிட்டன. ‘வெயிட்’ நமக்குத் தெரியும். அதன் பிறகு ‘ஃபார்’ வருவது கைக்குப் பழகவில்லை. ‘டிஸ்கஸ்’ தெரியும், அதன் பிறகு ‘அபவுட்’ தேவையில்லை என்பது தெரியாது. ‘டிசிஷன்’ தெரியும், அது ‘மேக்’கோடு கூடுகிறதா ‘கிவ்’வோடு கூடுகிறதா என்று பேசும்போது ஒரு கணம் தடுமாறுகிறோம். அந்த ஒரு கணத்தில்தான் எதிராளியின் முகம் மாறுகிறது, நம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்த நிலையில் இருப்பவருக்குத் தினம் பத்துச் சொல் கொடுத்தால், உறவறுந்த கட்டைகள் இன்னும் பத்து சேரும். பட்டியலின் அமைப்பே அப்படி. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நடுவில் சமக்குறி. சமக்குறிக்குள் உறவுகள் அடங்குவதில்லை.

அன்றாட ஆங்கிலத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் குசேராவும் பிரான்சிஸும் 1961இல் அச்சான பலவகை எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொல் அளவுக்குத் திரட்டி, கணினியில் கணக்கிட்டு, 1967இல் வெளியிட்டார்கள். ‘தி’ என்ற ஒரே சொல் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு இடங்களைப் பிடித்திருந்தது. அடிக்கடி வரும் முதல் நூறு சொற்களே ஏறக்குறைய பாதி எழுத்தை நிரப்பிவிடுகின்றன. அந்த நூறும் அவற்றை அடுத்து வரும் சின்னச் சொற்களும் நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குள் பார்த்துவிட்டவை: கெட், டேக், புட், மேக், ஹேவ், கோ, அப், அவுட், ஆன், ஆஃப். இவை ‘தெரிந்த சொற்கள்’ என்பதால் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தால் ‘கெட் என்றால் பெறு’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தூங்கி எழுவதும் பஸ்ஸில் ஏறுவதும் ஒருவரோடு ஒத்துப்போவதும் துக்கத்திலிருந்து மீள்வதும் கைக்காசை வைத்து ஒப்பேற்றுவதும் தப்பு செய்துவிட்டுத் தப்பிப்பதும் அந்த ஒரே ‘கெட்’டின் வேலை என்பதைப் படிப்பவர் எங்கே தெரிந்துகொள்வார்?

உலகத்திலேயே மிகப் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்பட்டியல் இந்த இடத்தில்தான் இடறியது. 1930இல் சி. கே. ஆக்டன் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை அறிவித்தார். மொத்தம் 850 சொல். அதில் வினைகள் 18 மட்டுமே. இதை வைத்தே எதையும் சொல்லிவிடலாம் என்றார். 1943இல் சர்ச்சில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசும்போது மேடையிலேயே இதற்கு ஆதரவு தெரிவித்தார். ஒரு பிரதமரின் ஆதரவு கிடைத்த சொற்பட்டியல் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் 850 என்ற எண்ணைக் காப்பாற்ற, புட், கெட், கிவ் போன்றவற்றை அப், அவுட், வித் போன்றவற்றோடு கோத்து நூற்றுக்கணக்கான வினைகளை உள்ளே ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. ‘புட்’டும் ‘அப்’பும் ‘வித்’தும் தனித்தனியே தெரிந்தவருக்கு, மூன்றும் சேர்ந்தால் ‘பொறுத்துக்கொள்’ என்று ஆகும் என்பதை எந்தத் தர்க்கமும் சொல்லிக்கொடுக்காது. 850 படித்தவர் உண்மையில் படிக்க வேண்டியிருந்தது பல ஆயிரம். இதை 1934இலேயே தன் சகாக்களோடு சேர்ந்து விரிவாக எழுதிக் கண்டித்தவர் மைக்கேல் வெஸ்ட்.

இந்த வெஸ்ட் யார் என்று பட்டியல் ஆதரவாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் தங்கள் பக்கத்துச் சாட்சியாக அவர்கள் கொண்டுவந்து நிறுத்துவது அவரைத்தான். ஆங்கிலத்தின் அதிமுக்கியமான 2000 சொற்களை வரிசைப்படுத்தி 1953இல் வந்த புகழ்பெற்ற பட்டியல் அவருடையது. ஆனால் அந்த வேலை தொடங்கியது அன்றைய வங்காளத்தில், டாக்காவில். 1920களில் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். வங்காளப் பையன்களில் பெரும்பாலோர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதுவரை கற்ற அரைகுறைப் பேச்சு ஆங்கிலம் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் விட்டால் சரண்டர் மதிப்பு என்று ஏதாவது கைக்கு வரும் அல்லவா, அதே சொல்லைத்தான் அவரும் பயன்படுத்தினார். பாதியில் நின்றாலும் கையில் மிஞ்சக்கூடியது வாசிக்கும் திறன், ஆகவே வாசிப்பை முதலில் கொடுங்கள் என்று 1926இல் எழுதினார். அவர் சொற்களைப் பொறுக்கி எடுத்தது, கதைப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த எல்லைக்குள் நின்று எழுத வேண்டும் என்பதற்காக. பட்டியல் எழுத்தாளரின் மேசைக்கு, கதை மாணவனின் கைக்கு. நம் ஊரில் கதையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தாளருக்கான பட்டியலை மாணவனுக்கு ஒப்பிக்கக் கொடுத்துவிட்டோம்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லை வேண்டுமென்றே உட்கார்ந்து படிப்பது வீண் என்று ஆராய்ச்சி சொல்லவில்லை. நியூசிலாந்தின் பால் நேஷன், சொல் கற்றல் பற்றி உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் ஒருவர். சொல் அட்டைகள் பயனுள்ளவை என்று அவரே சொல்கிறார். சிறு அட்டையின் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள் எழுதிவைத்து, இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நினைவில் தங்கும். ஆனால் அதே நேஷன் மொழிப் படிப்பின் நேரத்தை நான்கு சம பங்காகப் பிரிக்கச் சொல்கிறார்: பொருளுக்காகக் கேட்பதும் படிப்பதும் ஒன்று, பொருளுக்காகப் பேசுவதும் எழுதுவதும் ஒன்று, தெரிந்ததைச் சரளமாக்குவது ஒன்று, மொழியையே பாடமாகப் படிப்பது ஒன்று. சொல் அட்டை இந்தக் கடைசி நாலணாவில் ஒரு பகுதி. நம் புத்தகங்களிலும் ரீல்களிலும் அதுவே முழு ரூபாய்.

எண்ணிக்கைக் கணக்கும் பட்டியலுக்குச் சாதகமாக இல்லை. அதிகம் புழங்கும் 2000 சொல் தெரிந்தால் சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு தெரிந்துவிடும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்துக்கு ஒரு சொல் தெரியாமல் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், அப்போது புரியும். 2000ஆம் ஆண்டில் ஹூவும் நேஷனும் ஒரு கதையில் குறிப்பிட்ட அளவு சொற்களைப் பொருளற்ற சொற்களாக மாற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். 80 விழுக்காடு மட்டும் தெரிந்த நிலையில் ஒருவருக்கும் கதை போதுமான அளவு புரியவில்லை. நிம்மதியாகப் படிக்க 98 விழுக்காடு தேவைப்படுகிறது. நாவல் படிக்க அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் பிறகு கணக்கிட்டார். தினம் பத்து என்றால் இரண்டரை வருஷம்தானே என்று பட்டியல்காரர் இதையும் விளம்பரமாக்கலாம். இன்று படித்த பத்தில் நாளை மறுநாள் எத்தனை மிஞ்சும் என்பதை அந்த விளம்பரம் சொல்லாது.

மறதியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எபிங்ஹவுஸைக் கூப்பிடுகிறார்கள். 1885இல் இந்த ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். மறதி வளைகோடு என்று பயிற்சி மையங்களின் சுவரில் ஒட்டியிருப்பது அவர் கண்டதுதான். ‘எனவே தினமும் திரும்பப் படியுங்கள்’ என்று கீழே எழுதியிருக்கும். அதே ஆய்வில் அவர் செய்த இன்னொன்று சுவருக்கு வருவதில்லை. பைரனின் ‘டான் ஜுவான்’ கவிதையின் பத்திகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அர்த்தமற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதற்குத் தேவைப்பட்டது. தொடர்பு அறுத்து வரிசையாக அடுக்கிய சொற்கள் கவிதைக்கு நெருக்கமா, அந்த அசைகளுக்கு நெருக்கமா?

போதாததற்கு நம் பட்டியல்கள் அடுக்கும் விதம் வேறு. பழங்கள் ஒரு பக்கம், காய்கறிகள் ஒரு பக்கம், உடல் உறுப்புகள், சமையலறைச் சாமான்கள், உறவு முறைகள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒரே வகைச் சொற்களை ஒரே மூச்சில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, கற்பது தாமதமாகிறது என்று டிங்கம் 1993இலும், அதை ஜப்பானில் திரும்பச் செய்து பார்த்த வேரிங் 1997இலும் காட்டியிருக்கிறார்கள். இடது வலது, கிழக்கு மேற்கு என்று ஜோடியாகப் படித்த பிள்ளை எது எது என்று தடுமாறுவதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். புத்தகம் போடுகிறவர்கள் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

‘சொல் வேண்டாம், முழு வாக்கியமாக மனப்பாடம் பண்ணுங்கள்’ என்பது இந்த வைத்தியத்தின் புதிய பதிப்பு. சொல்லைவிட வாக்கியம் மேல்தான், உறவுகளோடு வருகிறது. சிக்கல் என்னவென்றால், பட்டியல் உங்கள் வசனத்தை மட்டும் கொடுக்கிறது. எதிராளியின் வசனத்தை அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார். ‘ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது?’ என்று அழகாகக் கேட்டுவிடலாம். அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் ஒப்பித்தவரின் முகத்தைப் பாருங்கள். வெளிநாடு போகும் செவிலியர்கள் எழுதும் ஓஇடி தேர்வில் பேச்சுப் பகுதி இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். நோயாளியாக நடிப்பவர் கையில் இருக்கும் சீட்டு தேர்வு எழுதுபவருக்குக் காட்டப்படாது. அவர் பயப்படலாம், கோபப்படலாம், ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கலாம். ‘கவலைப்படாதீர்கள்’ என்பதற்கு ஏழு ஆங்கில வாக்கியம் மனப்பாடம் செய்த செவிலியர் அங்கே திணறுவதும், ஒரே வாக்கியத்தை உடைத்துத் திருப்பிப்போடத் தெரிந்தவர் தேறுவதும் ஆச்சரியமில்லை.

வாக்கியத் தொகுப்பின் வரலாற்றில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1855இல் பெட்ரோ கரோலினோ என்ற போர்ச்சுகீசியர் ஆங்கில உரையாடல் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போர்ச்சுகீசிய–பிரெஞ்சு கையேடு ஒன்றை எடுத்து, அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்து முடித்துவிட்டார். புத்தகம் சிரிப்புக்காகவே பிரபலமாகி, 1883இல் அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதும் அளவுக்குப் போனது. நம் கடைகளில் தொங்கும் சில கையேடுகளைப் புரட்டும்போது கரோலினோவின் வம்சம் அழியவில்லை என்று தோன்றும். முன்னுரை எழுதத்தான் ட்வைன் இல்லை.

ரீல்களில் இப்போது ஓடும் இன்னொரு வகை எனக்கு எரிச்சலூட்டுவது. ‘ரொம்பக் களைப்பு என்பதை வெரி டயர்டு என்று சொல்லாதீர்கள், எக்ஸாஸ்டட் என்று சொல்லுங்கள்.’ ‘ஐ அம் ஃபைன் பழசு, இதோ ஐந்து புதுசு.’ விரல் ஆட்டிக்கொண்டே சொல்வார்கள். வெரி டயர்டு என்று பிசிறில்லாமல் சொல்ல முடிந்த ஒருவரிடம் அவர் சொன்னது மட்டமான ஆங்கிலம் என்று சொல்லி, மறுபடி வாயை மூட வைக்கும் வித்தை இது. ஆங்கிலேயர்கள் நாள் முழுக்க வெரி டயர்டாகத்தான் இருக்கிறார்கள். 1978இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி, தன்னிடம் உள்ள பல்லாயிரம் சொற்களுக்கும் சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்தே விளக்கம் எழுதிக் காட்டியது. ஓர் அகராதிக்கே அது போதும் என்றால், லீவு கேட்கவும் வாடகை பேசவும் மருத்துவரிடம் வலி சொல்லவும் போதாதா?

இவர்கள் எல்லாரும் மறந்துபோவது காதை. பட்டியல் கண்ணுக்கானது, அதிலும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவார்கள். தமிழில் எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம். ஆங்கிலத்தில் ஓர் அசையை ஓங்கி அடித்து மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். ஃபோட்டோகிராஃபில் முதல் அசையில் விழும் அடி, ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். வாக்கியம் முழுவதும் இப்படித்தான், சின்னச் சொற்கள் எல்லாம் தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணால் படித்த பத்துச் சொல்லும் தொலைபேசியில் எதிரே வரும்போது அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான். ‘எனக்குச் சொல் தெரியவில்லை’ என்று அவர் நினைத்துக்கொண்டு இன்னொரு பட்டியல் வாங்குகிறார். அவருக்குச் சொல் தெரியும். காதுக்குத்தான் அறிமுகமில்லை.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு அறிவுரையையும் விடக்கூடாது: ‘ஹிந்து பேப்பர் படி.’ 1878இலிருந்து வரும் அந்தப் பத்திரிகைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தலையங்கத்தைத் தடுமாறாமல் படிக்கும் நிலைக்கு வந்தவருக்கு அது நல்ல பயிற்சிதான். கிராமத்திலிருந்து வந்து கல்லூரியில் முதல் ஆண்டு சேர்ந்த மாணவிக்கு அதே தலையங்கம் வரிக்கு இரண்டு அடிக்கோடு. அடிக்கோடிட்டதை எல்லாம் நோட்டில் எழுதி எதிரே பொருள் எழுதுவாள். ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம். கடைசியில் அவள் கையில் இருப்பது வாசிப்பின் பெயரில் இன்னொரு பட்டியல். நீதிமன்றத் தீர்ப்பையும் நிதிப் பற்றாக்குறையையும் பற்றிய அந்தச் சொற்களை அவள் விடுதித் தோழியிடம் எப்போது பேசப்போகிறாள்?

இத்தனைக்கும் பிறகு பட்டியல் ஏன் சாகவில்லை? அதை எண்ணலாம், விலை போடலாம், தேர்வில் கேட்கலாம், ஒரு நிமிட வீடியோவில் அடக்கலாம். முக்கியமாக, பலிக்காதபோது பழியைப் படித்தவர்மேல் போடலாம்: ‘நீ தினமும் படிக்கவில்லை.’ சரளமாக ஆங்கிலம் பேசும் வீடுகளைப் பாருங்கள். அங்கே ஒரு குழந்தையும் பட்டியல் படித்துப் பேச்சுக்கு வரவில்லை. படுக்கையில் கதைப் புத்தகம், டிவியில் கார்ட்டூன், சாப்பாட்டு மேசையில் அரட்டை என்று பத்து வருஷம் மூட்டை மூட்டையாக ஆங்கிலம் உள்ளே போயிருக்கிறது. அந்த மூட்டை கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதற்குப் பதிலாகத் தருவது பத்துச் சொல் பொட்டலம். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே உட்காரும்போது, பொட்டலம் வாங்கியவருக்குத் தன் மூளைமேல் சந்தேகம் வருகிறது.

மூட்டையை ஏழைப் பிள்ளைக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1980இல் எல்லியும் மங்குபாயும் பிஜித் தீவுகளின் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கினார்கள். வீட்டில் ஆங்கிலம் கிடையாது, பள்ளியில் புத்தகமும் குறைவு. எட்டுப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 கொடுத்தார்கள். சிலவற்றில் ஆசிரியர் சேர்ந்து வாசித்தார், சிலவற்றில் பிள்ளைகள் தாங்களாக மௌனமாகப் படித்தார்கள். வேறு நான்கு பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் வழக்கமான பாடமே தொடர்ந்தது. எட்டு மாதத்தில் கதை படித்த பிள்ளைகள் வாசித்துப் புரிவதிலும் கேட்டுப் புரிவதிலும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. யாரும் அவர்களிடம் பட்டியல் கேட்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு முயற்சி நடத்தினார். சொல்லும் இலக்கணமும் பாடமாக இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்னின்ன நேரத்துக்குள் போய்ச்சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதுபோல ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வார்கள். வரைபடம் கொடுத்து வழி கேட்பார்கள். கவனம் கணக்கைத் தீர்ப்பதில் இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் கட்சி. பின்னர் வெளியார் செய்த மதிப்பீடு அளவோடுதான் பாராட்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உலகெங்கும் மொழி ஆசிரியர்களின் பயிற்சியில் பெங்களூர்த் திட்டம் என்று இன்றும் படிக்கப்படுவது இது. நம் பயிற்சி மையங்களில் இதன் வாசனைகூட இல்லை.

சில பேர் இதைக் கேட்டதும் நேர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள்: தமிழையே நினைக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று. அதுவும் வெறும் மிரட்டல்தான். தமிழில் கதை தெரிந்திருந்தால் ஆங்கிலத்தில் படிப்பது பாதி சுலபம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் படிநிலை பிரித்து இலவசமாகக் கிடக்கிறது. தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இருமுறை என்று படிக்க யார் அனுமதியும் வேண்டாம். சென்னைப் பதிப்பகமான தூலிகா இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. 1980இல் தொடங்கிய டிங்கிளின் பழைய இதழ்கள் நடைபாதைக் கடைகளிலும் கிடைக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் குழந்தைகள் பகுதிக்குள் ஒரு கல்லூரி மாணவர் கூச்சமில்லாமல் நுழைந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் தடை. வெட்கமாக இருந்தால் தம்பிக்கு என்று சொல்லி எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால், அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு இன்னும் எளிதானதை எடுக்கலாம். அதையே யாராவது வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவு கிடைத்தால் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். காதின் கடன் அப்படித்தான் அடையும்.

வேலைக்குப் போகிறவனுக்கு ஏது நேரம், பத்துச் சொல் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுமே என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்த இருபது நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். தடுக்கித் தடுக்கிப் படிப்பவர்கூட எளிய கதையை நிமிடத்துக்கு நூறு சொல் வேகத்தில் படிக்கலாம். இருபது நிமிடத்துக்கு 2000 சொல், வருஷத்துக்கு ஏழு லட்சத்து முப்பதாயிரம். அதற்குள் ‘கெட்’ என்ற ஒரு சொல்லை மட்டும், தன் உறவுக்காரர்கள் அத்தனை பேரோடும், ஆயிரம் தடவைக்குக் குறையாமல் அவர் சந்தித்திருப்பார். பட்டியலில் அது ஒரே ஒரு தடவை வரும், ‘பெறு’ என்ற பொருளோடு.